ஒல்லி உடம்பு... அடங்காத சுகர்! கொழுப்பு இல்லாததும் பிரச்னைதான்

“அவளுக்கு என்னப்பா, என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது!”

உங்க ஃபிரெண்ட்ஸ் கேங்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. கையில நரம்பு புடைச்சுத் தெரியும், கெண்டைக்கால் இறுகி நிக்கும், ஆனா ஜிம் வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டாங்க. பார்க்கிற நமக்குப் பொறாமையா இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூத்தொன்பது பேருக்கு அது வெறும் உடல்வாகு, கவலைப்பட ஒண்ணுமில்லை. ஆனால், மிக மிகச் சிலருக்கு அந்த ‘ஒட்டாத’ உடம்புக்குப் பின்னால் ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கிறது. அதன் பெயர் லிப்போடிஸ்ட்ரோஃபி. உடம்பில் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, இருக்கக் கூடாத இடத்தில் போய்ச் சேரும். அதோடு கூடவே வருவது, எவ்வளவு மருந்து போட்டாலும் இறங்க மறுக்கும் சர்க்கரை நோய்.

ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டம் தொப்பூர். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து சேலத்துக்கு காலேஜ் போகிற 19 வயசுப் பெண். பத்து வயசு வரைக்கும் எல்லாக் குழந்தையையும் போலத்தான் இருந்தாள். வயசுக்கு வந்த பிறகு கை, கால், இடுப்பில் சதை வற்றியது. முகமும் கழுத்தும் மட்டும் உப்பியது. பின்கழுத்தில் கறுப்பாக, தொட்டால் வெல்வெட் மாதிரி ஒரு பட்டை. ‘தேய்ச்சுக் குளிடி’ என்கிறார் அம்மா. பீரியட்ஸ் ஒழுங்கில்லை, மேலுதட்டில் முடி. ‘ஆம்பளை மாதிரி காலு’ என்று கிளாஸில் கிண்டல். ரத்தம் எடுத்தால் சுகர் 300-ஐத் தாண்டுகிறது. மாத்திரை, அப்புறம் இன்சுலின், அப்புறம் இன்னும் அதிக இன்சுலின். எதுவும் வேலை செய்யவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: “நீ டயட்டே ஃபாலோ பண்றதில்ல.”

இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தக் கடைசி வரிக்காகத்தான். இப்படிப்பட்டவர்களில் பலர் டயட்டை ஒழுங்காகவே பின்பற்றுகிறார்கள். தவறு அவர்களுடைய நாக்கில் இல்லை, ஜீனில் இருக்கிறது.

கொழுப்பு என்கிற குடோன்

நாம கொழுப்பை எதிரியாவே பார்த்துப் பழகிட்டோம். உண்மையில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஒரு குடோன். சாப்பிட்டதில் மிச்சமாகும் சக்தி அங்கேதான் பத்திரமாக இறக்கி வைக்கப்படுகிறது. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையில் ராத்திரியும் பகலும் லோடு வந்துகொண்டே இருக்கும். போய்ச் சேருகிற ஊரில் குடோன் பூட்டியிருந்தால் என்ன ஆகும்? லாரி திரும்பிப் போகாது. ரோட்டிலும் பக்கத்து வீட்டு வாசலிலும் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள். லிப்போடிஸ்ட்ரோஃபி உள்ளவர்களின் உடம்பில் நடப்பது இதுதான். கொழுப்புக்கு உரிய இடம் இல்லாததால் கல்லீரலிலும் தசையிலும் போய்க் குவிகிறது. மிச்சம் ரத்தத்திலேயே மிதக்கிறது. கொழுப்பு படிந்த கல்லீரலும் தசையும் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து பார்த்து, ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடுகிறது. கழுத்துக் கறுப்புகூட இப்படி இன்சுலின் அளவுக்கு மீறி சுரப்பதன் அடையாளம்தான். அழுக்கு இல்லை, எந்த சோப்புக்கும் போகாது.

ஆக, அளவுக்கு மீறிய கொழுப்பு உள்ளவருக்கும் கொழுப்பே இல்லாதவருக்கும் வருவது கிட்டத்தட்ட ஒரே நோய். பிரிட்டனைச் சேர்ந்த பாரா-சைக்கிளிங் வீரர் டாம் ஸ்டானிஃபோர்டுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிற உடம்பு. ஆனால் அவருக்கு டைப் 2 சர்க்கரை நோய் இருக்கிறது. 2013-ல்தான் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடித்தார்கள்.

இதைப் படித்ததும் ‘நானும் ஒல்லிதான், எனக்கும் இருக்குமோ’னு கூகுள் பண்ண ஆரம்பிக்காதீங்க. இந்தியர்களில் ஒல்லியாகத் தெரிகிற நிறைய பேருக்கு உள்ளுக்குள் கொழுப்பு அதிகம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம். நம்மில் பலர் யாஜ்னிக் ரகம். அது வேறு, லிப்போடிஸ்ட்ரோஃபி வேறு.

பிறவியிலேயே ஒன்று, பருவத்தில் ஒன்று

பரம்பரையாக வருவதில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில் குழந்தை பிறக்கும்போதே உடம்பு முழுக்கக் கொழுப்பு இருக்காது. தசை முறுக்கேறி, குட்டிப் பயில்வான் மாதிரி இருக்கும். கல்லீரல் பெருத்து வயிறு முன்னால் தள்ளும், தொப்புள் துருத்தும், பசி அடங்கவே அடங்காது. பிரேசிலில் பெரார்டினெல்லி 1954-லும், நார்வேயில் செய்ப் 1959-லும் விவரித்ததால் இருவர் பெயராலும் அழைக்கிறார்கள். ஒரு கோடிப் பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இவர்களுக்கு சுகர் பெரும்பாலும் டீன் ஏஜில் தலைகாட்டும்.

இரண்டாவது, நம் தொப்பூர்ப் பெண்ணுக்குச் சொன்ன வகை. கிளாஸ்கோவில் டன்னிகன் 1974-ல் விவரித்தது. பருவ வயதுக்குப் பிறகு கை கால்களில் மட்டும் கொழுப்பு மறையும், முகத்திலும் கழுத்திலும் சேரும். ஆண்களுக்கும் வரும். ஆனால் தசைக்கட்டான ஆணை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் பெண்களிடம்தான் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. 2000-ல் இதற்குக் காரணமான ஜீன் தெரியவந்தது. முகம் உப்புவதால் சில நேரம் ஹார்மோன் கோளாறு என்றோ, சாதாரண தொப்பை என்றோ தவறாக நினைத்துவிடுவதும் உண்டு.

(இன்சுலின் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலில் பள்ளமோ கட்டியோ வருவதையும் லிப்போடிஸ்ட்ரோஃபி என்றுதான் சொல்வார்கள். பெயர் ஒன்று, விஷயம் வேறு. இடம் மாற்றிக் குத்தினால் அதைத் தவிர்க்கலாம்.)

லேபில் கிடைக்கும் துப்பு

இந்த நோயின் இன்னொரு முகம் ட்ரைகிளிசரைடு. 150-க்குள் இருக்க வேண்டியது இவர்களுக்கு ஆயிரக்கணக்கில் போகும். எடுத்த ரத்தத்தைச் சற்று நேரம் வைத்தால் மேலே நிற்கும் திரவம் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ‘சாப்பிட்டுட்டு வந்தீங்களா?’னு லேபில் கேட்பார்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தமும் அப்படி இருந்தால், அதை விட்டுவிடக் கூடாது.

ஏனென்றால் ட்ரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டும்போது கணையம் வீங்கும் ஆபத்து இருக்கிறது. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாயும் கடும் வலி, விடாத வாந்தி. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம் அல்ல அது. 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம். கணவாய் விபத்துகளால் தொப்பூர்க்காரர்களுக்கு அந்த நம்பரை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிகிச்சை தட்டில்தான் ஆரம்பிக்கிறது

ஒல்லியான பிள்ளையைப் பார்த்தால் நம் வீடுகளில் கை தானாக நெய் பாட்டிலுக்குப் போகும். ‘ஒரு ஸ்பூன் நெய் ஊத்திக்கோ கண்ணு, உடம்பு தேறும்.’ லிப்போடிஸ்ட்ரோஃபியில் அந்த நெய்க்குப் போக இடமே கிடையாது. நேராகக் கல்லீரலுக்கும் ரத்தத்துக்கும்தான் போகும். எடை ஏற்றுவதற்காக ஊட்டுவது இங்கே நோயை ஏற்றுவது. ஜிம் கடைகளில் விற்கும் ‘மாஸ் கெய்னர்’ டப்பாவுக்கும் இதே பதில்தான்.

2016-ல் பல நாட்டு எண்டோகிரைன் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் உணவைத்தான் சிகிச்சையின் அடித்தளம் என்கிறது. மொத்த சக்தியில் 50-60 சதவிகிதம் மாவுச்சத்து, 20-30 சதவிகிதம் கொழுப்பு, சுமார் 20 சதவிகிதம் புரதம். ட்ரைகிளிசரைடு ரொம்ப ஏறிக் கிடக்கும் நேரத்தில் கொழுப்பை இன்னும் கடுமையாக, நாளுக்கு 20-30 கிராமுக்குள் இறக்கச் சொல்வார்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயே கிட்டத்தட்ட 5 கிராம். தாளிக்கிற எண்ணெய், தேங்காய்ச் சட்னி, பால் எல்லாம் கணக்கில் வந்துவிடும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு கஷ்டமான டயட் என்று புரியும்.

நல்ல வேளையாக தருமபுரிப் பக்கத்துச் சமையலில் இதற்கு வழி இருக்கிறது. ராகிக் களியும் கீரைக் கடைசலும், சாமைச் சோறும் கொள்ளு ரசமும் எண்ணெய் குறைவாகவே கேட்கிற சாப்பாடு. ஆனால் களியும் மாவுச்சத்துதான். உருண்டையின் அளவை டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும். நிலக்கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய் என்பதால், மற்றவர்களுக்கு நல்ல ஸ்நாக்ஸாக இருப்பது இவர்களுக்கு ஆகாமல் போகலாம். மாம்பழ சீசனில் இந்த மாவட்டத்தில் வாயைக் கட்டுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: இனிப்பும் ஜூஸும் சுகரை மட்டுமல்ல, ட்ரைகிளிசரைடையும் ஏற்றும்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு கொடுமை, பசி. ‘போதும், வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்பிலிருந்துதான் சுரக்கிறது. கொழுப்பு இல்லை என்றால் லெப்டினும் இல்லை. எனவே மூளை எப்போதும் பட்டினியில் இருப்பதாகவே நினைக்கும். சாப்பிட்டுக் கை கழுவின குழந்தை மறுபடியும் அடுக்களையில் நிற்பது பேராசையால் அல்ல. அதைத் திட்டிப் பயனில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாட்டுக்கு மாறினால் அந்தப் பிள்ளைக்கு ஓரளவு சுலபமாக இருக்கும்.

மாத்திரை, ஊசி... அந்தக் கணக்கு

மருந்தில் முதலில் வருவது எல்லோருக்கும் தெரிந்த மெட்ஃபார்மின்தான். பகுதிக் கொழுப்பு மட்டும் இழந்தவர்களுக்கு பயோகிளிட்டசோன் உதவலாம். மிச்சமிருக்கும் கொழுப்புத் திசுவை அது வேலை செய்ய வைக்கும். கொழுப்பே இல்லாத பிறவி வகையில் அதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துவார்கள். ட்ரைகிளிசரைடுக்கு ஃபைப்ரேட், ஒமேகா 3, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின்.

அப்புறம் இன்சுலின். இங்கேதான் ஒரு குடும்பத்தின் பட்ஜெட்டே ஆட்டம் காணும். 50 கிலோ எடையுள்ள டைப் 1 நோயாளிக்குப் பொதுவாக நாளுக்கு 25 முதல் 50 யூனிட் போதும். லிப்போடிஸ்ட்ரோஃபியில் 200 யூனிட்டைத் தாண்டுகிறவர்கள் உண்டு. நம் ஊரில் கிடைக்கும் சாதாரண 10 மில்லி குப்பியில் இருப்பது 400 யூனிட். ஆக இரண்டு நாளைக்கு ஒரு குப்பி, மாதத்துக்கு பதினைந்து! 40 யூனிட் சிரிஞ்சில் தினமும் ஐந்து முழு ஊசி. அதைக் குத்துவதற்குத் தோலுக்கடியில் கொழுப்பும் கிடையாது. கவனிக்காமல் குத்தினால் தசைக்குள் இறங்கி மருந்து வேகமாக வேலை செய்துவிடலாம். கொழுப்பு மிச்சமிருக்கும் இடம் எது, எத்தனை நீள ஊசி என்று டாக்டரிடம் காட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒரு மில்லிக்கு 500 யூனிட் அடர்த்தியுள்ள இன்சுலின் இவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

அடர்த்தி என்றதும் ஒரு எச்சரிக்கை, இது எல்லா இன்சுலின்காரர்களுக்கும். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் குப்பிக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் குப்பிக்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். இருநூறு யூனிட் போடுகிறவருக்கு அது என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லெப்டினையே ஊசியாகக் கொடுத்தால்?

லெப்டினை 1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு கண்டுபிடித்தபோது, குண்டானவர்களை ஒல்லியாக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று உலகமே துள்ளியது. ‘லெப்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ஒல்லி. ஆனால் குண்டானவர்களிடம் அது பெரிதாகப் பலிக்கவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே லெப்டின் நிறைய இருந்தது. பலித்தது, யாரும் எதிர்பார்க்காத ஒல்லியானவர்களிடம்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் லிப்போடிஸ்ட்ரோஃபி உள்ள ஒன்பது பெண்களுக்கு நான்கு மாதம் லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. ட்ரைகிளிசரைடு 60 சதவிகிதம் இறங்கியிருந்தது. மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்.பி.ஏ.1சி சராசரியாக 1.9 புள்ளி குறைந்தது. வீங்கியிருந்த கல்லீரல் சுருங்கியது. முக்கியமாக, பசி அடங்கியது. மெட்ரெலெப்டின் என்ற பெயரில் அந்த மருந்துக்கு ஜப்பான் 2013-லும், அமெரிக்கா 2014-லும், ஐரோப்பா 2018-லும் அனுமதி கொடுத்தன.

அப்போ பிரச்னை தீர்ந்ததா? இல்லை. விலை சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. தினமும் போட வேண்டும், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். சிலருக்கு உடம்பே அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிவிடுகிறது. லிம்ஃபோமா என்ற புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையும் அதன் மேல் இருக்கிறது. பகுதி வகைக்கு அமெரிக்காவில் அனுமதியே கிடையாது. நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்து வாங்குகிற மருந்து இல்லை இது. அதனால்தான் தட்டும் மெட்ஃபார்மினும் இங்கே இவ்வளவு முக்கியமாகின்றன.

பெண்களும் ஜிம் ரசிகர்களும் கவனிக்க

பீரியட்ஸ் ஒழுங்காக வருவதற்கு ஹார்மோன் மாத்திரை எழுதித்தருவது சாதாரணமாக நடப்பது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ட்ரைகிளிசரைடை ஏற்றும். லிப்போடிஸ்ட்ரோஃபி உள்ளவர்களுக்கு அது கணையத்தில் போய் முடியலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது சுகர் ரிப்போர்ட்டோடு லிப்பிட் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்க. தோழியின் சீட்டைப் பார்த்து நீங்களே வாங்கிப் போடாதீங்க.

உடற்பயிற்சி நல்லதுதான், சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் சில ஜீன் வகைகளில் இதயத் தசையும் துடிப்பும் பாதிக்கப்படும். முதலில் ஈ.சி.ஜி., எக்கோ. அதற்குப் பிறகுதான் வெயிட் தூக்குவது.

தாய்மாமன் சீர்

இந்தப் பேச்சு சிலருக்குக் கசக்கும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 28 சதவிகிதப் பெண்கள் ரத்த உறவில் திருமணம் செய்தவர்கள். இந்தியாவிலேயே இதுதான் அதிகம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன்... நமக்கு அது சொந்தம் விட்டுப்போகாமல் இருக்கிற ஏற்பாடு. ஜீனுக்கு அது வேறு கணக்கு. பிறவி வகை வர, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வர வேண்டும். ஒரே குடும்பத்துக்குள் திருமணம் நடக்கும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமக்கிற பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

டன்னிகன் வகைக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் ஒரு பெண்ணுக்குக் கண்டுபிடித்தால் அவளுடைய அம்மா, அண்ணன், சித்தி எல்லோரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள். ‘எங்க அம்மாவுக்கும் இதே கால்தான்’ என்பது டாக்டருக்குக் கிடைக்கும் பெரிய துப்பு. ஆனால் யார் மேல் குற்றம் என்று சம்பந்தி வீட்டில் பஞ்சாயத்து வைக்க இதைப் பயன்படுத்தினால், அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எங்கே போவது?

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் வாசலுக்கு வருகிற அதே மாத்திரையால் அடங்காத சுகரோடு, ஒல்லியான, கழுத்து கறுத்த ஒரு இளம் வயதுக்காரர் இருந்தால், அவரை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. தொப்பூரிலிருந்து வடக்கே போனால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தெற்கே போனால் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை. லிப்பிட் ப்ரொஃபைல், வயிற்று ஸ்கேன், கல்லீரல் பரிசோதனை போன்ற ஆரம்பக் கட்டத்துக்கு அங்கே போகலாம். சந்தேகம் வலுத்தால் எண்டோகிரைனாலஜிஸ்ட்டையும் ஜீன் பரிசோதனையையும் தேட வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் எண்டோகிரைனாலஜி துறை, பகுதி லிப்போடிஸ்ட்ரோஃபியைப் புதிய தலைமுறை ஜீன் பரிசோதனை மூலம் உறுதிசெய்தது பற்றி 2015-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸில் போய்விடலாம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு போட்டோக்களையும் எடுத்துப் போங்க. ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ, மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம், போன வருஷம் காலேஜ் ஃபங்ஷனில் எடுத்த செல்ஃபி. மூன்றையும் தேதி வாரியாக போனில் ஒரே ஃபோல்டரில் போட்டு டாக்டரிடம் நீட்டுங்க. கை கால் எந்த வயசில் மாறியது என்பதை நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்த மூன்று படம் தெளிவாகச் சொல்லும். அம்மாவின் கல்யாண போட்டோவும் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கோங்க.